முல்லோயா எழுப்பிய இரண்டு கேள்விகள்

மலையகமும் பொலிஸும் – 7

சென்ற இதழில் 1937ஆம் ஆண்டின் பிரேஸ்கேர்டில் விவகாரத்தைப் பார்த்தோம். மடுல்கலைப் பக்கம் ரெலுகஸ் தோட்டத்தில் துரை வேலை பழக வந்த இளைஞர் தொழிலாளர் பக்கம் சாய்ந்து, நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சியின் மேடையில் ஏறிப் பேசினார். அதற்காக அவரை நாடு கடத்தும்படி தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். அதற்கு வேண்டிய வேலைகளைப் பொலிஸ்மா அதிபர் பி. என். பாங்ஸ் செய்தார். பொலிஸுக்குப் பொறுப்பான உள்நாட்டு அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலக்கவோ, தம்மிடம் யாரும் கலந்து பேசவில்லை என்றார். மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பிரேஸ்கேர்டில் தப்பினார். ஆனால் பொலிஸ்மா அதிபர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது தீராமலே நின்றது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே பாங்ஸ், அதே ஜயதிலக்க, புதிய தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டிகொட் ஆகியோரிடையே அது மறுபடி வெடித்தது. இந்த முறை இடையில் ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு இருந்தது.

1939 செப்டெம்பரில் ஐரோப்பாவில் போர் தொடங்கியது. சாமான் விலைகள் ஏறின, தோட்டச் சம்பளம் ஏறவில்லை. அந்த ஆண்டு ஜூலையில்தான், நேரு கொழும்புக்கு வந்திருந்த சமயத்தில், இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியிருந்தது. சமசமாஜக் கட்சியும் தன் தோட்டத் தொழிற்சங்கத்தோடு மலையேறியிருந்தது. தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. ஹேவாஹெட்டப் பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டார்கள். கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்தத் திகதியைத்தான் மலையகத் தியாகிகள் தினமாக நாம் இன்றும் நினைவுகூர்கிறோம்.

அந்தத் துப்பாக்கி வேட்டு இரண்டு கேள்விகளை எழுப்பியது. பொலிஸாருக்குக் கட்டளையிடும் அதிகாரம் யாருடையது என்பது ஒன்று. பொலிஸாரால் சுடப்பட்டவனின், அடிக்கப்பட்டவனின் முறைப்பாட்டைக் கேட்டு விசாரிப்பவர் யார் என்பது மற்றொன்று. இவை ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்றே நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முதலாவது மேலிடத்தில் இருப்பவர்களுக்கு இடையிலான பிணக்கு. இரண்டாவது, லயத்தில் இருப்பவருக்கும் காக்கிச் சட்டைக்கும் இடையிலானது. 1940 ஜனவரி, பெப்ரவரி என்ற இரண்டே மாதங்களில் இவை இரண்டும் ஒன்றாக மேடையேறின. முதற்கேள்விக்காக ஓர் அமைச்சர் சபையே பதவி விலகியது. இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலர். அதன் பிறகு 80 ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாட்டின் பொலிஸ் வரலாறு இந்த வரிசையையே திரும்பத் திரும்பப் பின்பற்றி வருகிறது என்பதே இந்த இதழில் நான் நிறுவ விரும்புவது.

முதலில் இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களைப் பார்ப்போம். என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானவர்கள். கோவிந்தனின் சாவைச் சபையில் எழுப்பி, விசாரணை ஆணைக்குழு வேண்டும் என்று அவர்கள் விடாப்பிடியாக நின்றார்கள். ஆணைக்குழு வந்தது. கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா அதன் முன் ஆஜராகி, தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற பொலிஸ் தரப்பின் வாதத்தைக் குறுக்கு விசாரணையில் பிய்த்தெறிந்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் காலத்து நிலைமையில் வைத்துப் பார்க்க வேண்டும். தொழிலாளர் சட்டங்களைப் பேசிய இத்தொடரின் முதல் இதழ்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வேலையை விட்டுப் போகும் கூலியைக் குற்றவாளியாக்கிய 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், இன்றும் நடைமுறையில் உள்ள 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டமும் பிறந்தது ஒரே ஆண்டில், 1865இல். தோட்டத் துரைமார் பலர் சமாதான நீதவான்களாகவும், உத்தியோகப் பற்றற்ற நீதவான்களாகவும் இருந்தார்கள். சம்பளம் கொடுப்பவர், லயத்துக்குச் சொந்தக்காரர், நீதவான் எல்லாம் ஒரே ஆளாக இருந்த மலையில், முறைப்பாடு செய்ய நினைத்த தொழிலாளி யாரிடம் போவான்? அந்த மலையிலிருந்து வந்த ஒரு விதவை, கொழும்பின் மிகச் சிறந்த வழக்கறிஞர்களில் ஒருவரைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு பொலிஸாரின் முகத்துக்கு நேரே கணக்குக் கேட்டார். மலையக வரலாற்றில் பொலிஸாரை வெளியார் ஒருவர் முறையாக விசாரித்த தொடக்கமாக நான் கருதுவது இதைத்தான்.

ஆனால் ஆணைக்குழு உட்காரும் முன்பே பேச்சு திசை மாறியது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிஸார் வழக்குத் தொடுத்திருந்தார்கள். துப்பாக்கிச்சூட்டை ஆணைக்குழு விசாரிக்கப் போகிறது, அது முடியும்வரை இந்த வழக்குகளை ஒத்திவைக்கும்படி பொலிஸார் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று உள்நாட்டு அமைச்சின் தரப்பு விரும்பியது. பாங்ஸ் அதன்படி நடக்கவில்லை. தேசாதிபதி கல்டிகொட் பாங்ஸின் பக்கம் நின்றார். 1931இன் டொனமூர் அரசியலமைப்பில் பொலிஸ் உள்நாட்டு நிறைவேற்றுக் குழுவின் கீழ் வந்திருந்தது. ஆனால் உயர் அதிகாரிகளின் பதவியும் ஒழுக்காறும் தேசாதிபதியின் கையிலேயே இருந்தன. இந்த முரண்பாடுதான் இப்போது நடுவே வந்து நின்றது. அமைச்சரின் சொல்லைப் பொலிஸ்மா அதிபர் தட்டலாம், தேசாதிபதி அதற்குத் துணை போகலாம் என்றால் நமக்கு என்ன அதிகாரம் என்று கேட்டு, டி. எஸ். சேனநாயக்க முன்னின்று, அமைச்சர்கள் பெப்ரவரி இறுதியில் கூட்டாகப் பதவி விலகினார்கள். சமரசத்துக்குப் பிறகு அதே ஆட்கள் அமைச்சுகளுக்குத் திரும்பினார்கள்.

நம் அரசியலமைப்பு வரலாற்றில் 'முல்லோயா' என்றால் இந்த நெருக்கடியைத்தான் குறிக்கும். சுயாட்சிக்கான போராட்டத்தில் அது ஒரு மைல்கல் என்பதை நான் மறுக்கவில்லை. மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த அமைச்சரை, லண்டனில் நியமனம் பெற்ற அதிகாரி மீறலாம் என்பது எந்த வகையிலும் நியாயமில்லை. ஆனால் அந்தப் பதவி விலகல்கள் கோவிந்தனுக்காக நடந்தவை அல்ல. அமைச்சரின் கட்டளை நிறைவேறியிருந்தாலும், லயத்துத் தொழிலாளிக்குத் தன் முறைப்பாட்டைக் கொண்டுபோக ஓரிடம் கிடைத்திருக்காது. அவனைச் சுடும் ஆளின் மேலதிகாரி மாறியிருப்பார், அவ்வளவுதான்.

இங்கே எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக் கழிக்காமல் எதிர்கொள்ள வேண்டும். பாங்ஸ் செய்தது சரி என்று சொல்ல இன்று நல்ல காரணம் உண்டு. நீதிமன்றத்தில் உள்ள வழக்கை இழுத்தடி என்று அரசியல்வாதி பொலிஸுக்குச் சொல்லலாமா? அமைச்சர் சொன்னால் வழக்குத் தள்ளிப்போகும், அமைச்சர் சொன்னால் வழக்குக் கைவிடப்படும் என்ற நிலையைத்தானே சுதந்திரத்துக்குப் பிறகு நாம் பல பத்தாண்டுகள் அனுபவித்தோம்? 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் கொண்டுவந்ததே அந்தக் கையைத் தடுக்கத்தானே? இந்த வாதம் வலுவானது. அதை நான் ஏற்கிறேன். 1940இல் அமைச்சர்கள் கேட்ட அதிகாரத்தின் முழு வடிவத்தைப் பின்னாளில் பார்த்தவர்கள், அதை மறுபடி பறிக்க ஒரு சட்டத் திருத்தமே எழுத வேண்டியிருந்தது. ஆனால் பாங்ஸின் சுதந்திரமும் ஒரு தீர்வாக இருக்கவில்லை. அமைச்சரிடமிருந்து சுதந்திரமாக இருந்த அதே பொலிஸ்தான் முல்லோயாவில் சுட்டது. பிரேஸ்கேர்டில் விவகாரத்தில் தேசாதிபதியோடு சேர்ந்து அமைச்சருக்குத் தெரியாமல் காரியம் நடத்தியதும் அதே பொலிஸ்தான். யாருக்கும் கட்டுப்படாத பொலிஸும் அமைச்சருக்கு மட்டும் கட்டுப்பட்ட பொலிஸும் தொழிலாளியைப் பொறுத்தவரை ஒன்றே. இரண்டிலும் அவன் முறைப்பாடு போய்ச் சேருவது பொலிஸாரிடமே.

முல்லோயாவில் ஆணைக்குழு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையில் தோட்ட மக்களில் ஒரு பகுதியினருக்கும் பங்கு இருந்தது. அவர்களது வாக்கும் எண்ணப்பட்ட சபையில் அவர்களது சாவைப் பேசுவதற்கு ஆள் இருந்தார்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த அடித்தளத்தைப் பெயர்த்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அடுத்து 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் எஸ். தொண்டமான் வெல்லும்வரை, தோட்ட மக்களின் வாக்கில் ஒருவரும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போகவில்லை. அந்த ஆண்டு மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் நின்ற நாள் அது. தோட்டங்கள் எங்கும் வேலைநிறுத்தம் நடந்தது, திட்டம் நின்றது. காணி காப்பாற்றப்பட்டது என்பதில் மலையகம் பெருமை கொள்ளலாம். ஆனால் 37 ஆண்டு இடைவெளியில் நடந்த இந்த இரண்டு சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இரண்டாவது முறை தொழிலாளியின் பக்கம் பேசக்கூடிய பலம் வேலைநிறுத்தம் ஒன்று மட்டுமே. வேலைநிறுத்தத்தால் ஒரு திட்டத்தை நிறுத்தலாம். யார் சுட்டது, யார் கட்டளையிட்டது, சுடாமல் இருந்திருக்க முடியுமா என்று சாட்சிகளை அழைத்து, குறுக்கு விசாரணை செய்து, பதிவு எழுத அதனால் முடியாது.

இனி 2001க்கு வருவோம். 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கியது. 2002 நவம்பரில் அது பணியைத் தொடங்கியது. பொலிஸ்மா அதிபர் தவிர்ந்த அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காறு ஆகியவை அதன் பொறுப்பில் விடப்பட்டன. அதோடு, பொலிஸ் அதிகாரிக்கு எதிராகப் பொதுமக்கள் செய்யும் முறைப்பாடுகளை ஏற்று விசாரித்து நிவாரணம் தருவதற்கான நடைமுறையை ஆணைக்குழு வகுக்க வேண்டும் என்றும் 155ஆம் உறுப்புரையின் கீழ் எழுதப்பட்டது. 1940இன் இரண்டாவது கேள்விக்கு இந்த நாட்டின் அரசியலமைப்பில் முதன்முறையாகப் பதில் எழுதப்பட்டது அப்போதுதான். அதன் பின் நடந்ததைப் பாருங்கள். 2005 இறுதியில் முதல் ஆணைக்குழுவின் காலம் முடிந்தது. அரசியலமைப்புப் பேரவை கூடாத நிலையில் 2006இல் ஜனாதிபதியே நேரடியாக உறுப்பினரை நியமித்தார். 2010இல் 18ஆவது திருத்தம், 2015இல் 19ஆவது, 2020இல் 20ஆவது, 2022இல் 21ஆவது. நான்கு முறையும் நாடு விவாதித்தது முக்கியமாக ஒன்றைத்தான்: ஆணைக்குழுவை நியமிப்பது ஜனாதிபதியா, பேரவையா? தேசாதிபதியா, அமைச்சரா என்ற பழைய வழக்கின் தொடர்ச்சியே இது. பொதுமக்கள் முறைப்பாடு பற்றிய அந்த உறுப்புரைக்கான நடைமுறை விதிகள் வர்த்தமானியில் வந்ததே 2007இல்தான். விசாரிக்கும் வேலையோ பெரும்பாலும் பொலிஸ் அதிகாரிகளின் மேசைக்கே திரும்பிப் போனது. கீழ்நிலை அதிகாரிகள் மீதான ஒழுக்காற்று அதிகாரத்தை முதல் ஆணைக்குழு தொடக்கத்திலேயே பொலிஸ்மா அதிபருக்குப் பகிர்ந்தளித்திருந்தது. மேலிடத்து அதிகாரியின் நியமனம் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு அது சிறிய விஷயமாகத் தெரிந்திருக்கலாம். தோட்டத்துக்கு ஜீப்பில் வருபவர் சார்ஜன்ட், கான்ஸ்டபிள், அதிகம் போனால் உப பொலிஸ் பரிசோதகர். தொழிலாளி வாழ்க்கையில் காணும் பொலிஸ் என்பது அவர்களே.

மேலிடத்தைக் கட்டுப்படுத்தும் கலையில் நாம் முன்னேறித்தான் இருக்கிறோம். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் வாக்கெடுத்து, பதவியில் இருந்த பொலிஸ்மா அதிபர் ஒருவரையே நீக்கியது. கல்டிகொட்டும் ஜயதிலக்கவும் கற்பனை செய்திராத காரியம் இது. ஆனால் மஸ்கெலியாவின் மேல்கணக்குத் தோட்டம் ஒன்றிலிருந்து, அடிவாங்கிய இளைஞன் ஒருவன் முறைப்பாடு செய்யக் கிளம்புவதைப் படிப்படியாக எண்ணிப் பாருங்கள். முதலில் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட்டதே 2021இல் என்பதை மறக்க வேண்டாம். பஸ் பிடித்து நகரத்துக்கு இறங்கினால், முறைப்பாடு எழுதும் இடம் அவனை அடித்தவர்கள் வேலை செய்யும் அதே நிலையம். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர், சட்டப்படி தமிழும் அங்கே நிர்வாக மொழி. இருந்தும் அவன் தமிழில் சொல்வதைப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்து வை என்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவனால் வாசித்துப் பார்க்க முடியாது. நாளை நீதிமன்றத்தில் அவனது வாக்குமூலம் என்று வாசிக்கப்படுவது அதுவே. இதைக் கடந்து உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போடலாம். ஆனால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், கொழும்பிலேதான் போட வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சலுகை இருப்பதை அவனுக்குச் சொல்ல யாராவது வேண்டும்.

அதற்குத்தான் சங்கம் இருக்கிறதே என்பார்கள் சிலர். தோட்டத்தில் ஏதாவது நடந்தால் தலைவர் வருவார், சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி பொறுப்பதிகாரியோடு பேசுவார், ஆளை வெளியே எடுத்துவிடுவார். பல பத்தாண்டுகளாக மலையகத்தில் பொலிஸுக்கும் மக்களுக்கும் இடையில் நின்றது தொழிற்சங்கமே. அந்தச் சேவையைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகெட்ட செயல். அது இல்லாமல் இன்னும் பலர் அடிபட்டிருப்பார்கள். ஆனால் அது பேசித் தீர்க்கும் வழி. பேசித் தீர்த்தபின் எந்தப் பதிவும் மிஞ்சாது. அடித்தவர் அடுத்த மாதம் வேறொருவனை அடிப்பதற்குத் தடை இராது. வேறு சங்கத்தில் சந்தா கட்டுபவன், சந்தாவே கட்டாதவன், சங்கத் தலைவரோடு மனத்தாங்கல் உள்ளவன் ஆகியோருக்காகப் பேச ஆள் கிடைப்பது அரிது. மலையகத்து மக்களில் பெரும்பாலோர் இன்று தோட்டக் கணக்கில் இல்லை. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு எந்தத் தலைவர் போவார்? 2023 மே மாதம் பதுளைப் பகுதியைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண் ஒருவர் வெலிக்கடைப் பொலிஸின் பிடியில் இருந்தபோது உயிரிழந்தார். அவர் பிடிபட்ட அந்த மணித்தியாலங்களில் எந்தச் சங்கமும் அருகில் இருக்கவில்லை.

பொலிஸ் தரப்பின் அச்சத்தையும் சொல்ல வேண்டும். வெளியார் விசாரிக்கிறார்கள் என்றால் அதிகாரிகள் கை கட்டி நிற்பார்கள், குற்றவாளிகள் கொழுப்பார்கள் என்பது அவர்கள் வாதம். வட அயர்லாந்தைப் பார்க்கலாம். பொலிஸார் மீது மக்களில் ஒரு பெரும் பகுதிக்கு நம்பிக்கை இல்லாதிருந்த, பல காலம் துப்பாக்கி ஓயாதிருந்த மண் அது. 2000ஆம் ஆண்டில் அங்கே பொலிஸ் ஒம்புட்ஸ்மன் அலுவலகம் திறக்கப்பட்டது. சொந்தமாக விசாரணையாளரைக் கொண்டது அது. முறைப்பாட்டைப் பொலிஸிடமே திருப்பி அனுப்பும் பழைய வழக்கத்தை அது ஒழித்தது. குற்றம் செய்யாத அதிகாரிக்கு அங்கே கிடைக்கும் விடுவிப்பு, தன் மேலதிகாரி கொடுக்கும் விடுவிப்பைவிட மக்களிடம் மதிப்புப் பெற்றது. இந்தியாவிலிருந்து வேறொரு பாடம் இருக்கிறது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மாநில அளவில் மட்டுமன்றி ஒவ்வொரு மாவட்டத்திலும் பொலிஸ் முறைப்பாட்டு அதிகாரசபை அமைய வேண்டும், மாவட்டச் சபைக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியபோது அந்த நாற்காலியில் மாவட்ட ஆட்சியரை உட்கார வைத்தது. மாவட்டத்தின் சட்டம் ஒழுங்குக்குப் பொலிஸோடு சேர்ந்து பொறுப்பேற்கும் அதே ஆட்சியர், பொலிஸுக்கு எதிரான முறைப்பாட்டை விசாரிப்பவரும் ஆனார். நீதிமன்றம் இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதிலை அரசு முதலாவது கேள்வியின் பதிலாக மாற்றிக்கொண்டது.

எனவே ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வேண்டியது இன்னொரு அரசியலமைப்புத் திருத்தம் அல்ல. 155ஆம் உறுப்புரையில் அந்தக் கடமை ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. பொலிஸ் நிலையத்துக்கு வெளியே, பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய ஓர் அலுவலகம் வேண்டும். சொன்னவரின் மொழியில் முறைப்பாட்டை எழுதி, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, பிரதியைக் கையில் கொடுக்கும் உத்தியோகத்தர் வேண்டும். பொலிஸில் இருந்து கடன் வாங்காத விசாரணையாளர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ்நிலை அதிகாரியின் பதவி உயர்வு, இடமாற்றக் கோப்பில் அந்த முறைப்பாட்டின் முடிவு போய்ச் சேர வேண்டும். காசு செலவாகும் என்பது உண்மை. ஒரு நெருக்கடியின் முடிவில் அவசரமாகக் கூடிக் கலையும் ஆணைக்குழுக்களுக்கும் காசு செலவானது. அவை பெரும்பாலும் இறந்தவருக்காகவே கூடின. அடிபட்டு உயிரோடு இருப்பவருக்காக இந்த நாட்டில் எந்த ஆணைக்குழுவும் கூடியதாக நான் அறியேன்.

முல்லோயாவுக்குப் பிறகு வேலைநிறுத்த அலை தெற்கே ஊவாவை நோக்கிப் போனது. அங்கே வெவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தங்களுக்குள் தெரிவு செய்த குழுவைத் துரையே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தோட்டத்துக்குள் வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களையே அவர்கள் பறித்தார்கள். விசாரிக்க ஆளில்லாத இடத்தில் தொழிலாளரே விசாரிப்பவரானால் என்ன நடக்கும் என்பதை 1940இன் அந்த மாதங்கள் காட்டுகின்றன. வெவெஸ்ஸவின் வெற்றியையும் அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் அடுத்த இதழில் பார்ப்போம்.